ஆள் இருக்கு

எக்கன்வீல் ஊராட்சிப் பணிமனையில் என் கையில் தந்த தாள்
இவ்வளவுதான் சொன்னது:
சதுப்பு எண் ஏழு. முப்பத்தெட்டு ஆர்.
செப்டம்பர் ஒன்றுக்கு முன் கத்தி படக்கூடாது.
ஐந்தில் ஒரு பங்கு நிற்கட்டும், ஆண்டுக்கு ஒரு மூலையாக.
கீழே, குறிப்புகள் என்று ஒரு வெற்றுக் கட்டம்.

ஒரு பக்கம் மக்காச்சோளம், மறுபக்கம் ரயில்பாதை.
நடுவில், துர்காவ் மாநிலமே துடைக்க மறந்த ஈரமாய்
அது கிடந்தது.
தொடாமல் விட்டால் பிழைக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
இல்லை, என்றார் ட்ரூட்மன், அணைந்த சுருட்டைக் கவ்வியபடி.
விட்டால் முதலில் வில்லோ வரும், பின்னால் ஆல்டர் வரும்,
வேர் உறிஞ்சும், இலை மூடும்,
பத்து வருஷத்தில் காடு.
அப்புறம் தவளைக்கு விலாசம் கிடையாது.
முடிவெட்டுவது மாதிரிதான்.

இயந்திரத்துக்கு அகலச் சக்கரம், புதையாமலிருக்க.
எனக்கு நாற்பத்தோராம் அளவு பூட்ஸ். புதைந்தேன்.
காலைப் பிடுங்கும் ஒவ்வொரு தடவையும்
அழுகிய முட்டை வாசமும் ஒரு முத்தச் சத்தமும்.
கத்திக்கு முன்னால் தவளைகள்
எண்ணெயில் விழுந்த கடுகாய்த் தெறித்தன.
கோரைக்குள்ளிருந்து கானாங்கோழி கத்தியது,
பன்றிக்குட்டியை யாரோ நசுக்குவதுபோல.
மூன்று வருஷமாய்க் கேட்கிறேன், கண்டதில்லை.
நுணலுக்குச் சொன்ன பழமொழி அதனிடம் தோற்றது:
வாயைத் திறந்தும் கெடாமல் இருக்கிறது.

அப்போது, கத்திக்கு ஒரு முழம் தள்ளி,
முழங்கால் உயரத்தில்
ஓர் உருண்டை.
எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிது.
பிடுங்கிவந்து கட்டியதில்லை.
நிற்கிற புல்லின் தாளையே நீளவாக்கில் கிழித்து,
வேர் அறாமல், பின்னியிருந்தது.
பாதி வீடு இன்னும் வளர்ந்துகொண்டிருந்தது.
வாசல் எங்கே என்று தெரியவில்லை.

எஞ்சினை அணைத்தேன்.
பக்கத்துத் தண்டில், வாலைச் சுற்றி முடிச்சிட்டு,
ஒன்றரை பிராங்க் சில்லறை எடைகூட இராத
குறுஎலி ஒன்று
என்னைப் பார்த்தது.
பிறகு தண்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வெட்டாமல் விடவேண்டிய மூலை நாற்பது எட்டு தள்ளியிருந்தது.
வீட்டைத் தூக்கி அங்கே வைக்க முடியாது.
தாளில் இதற்கு வழியில்லை.
கூட்டமான பஸ்ஸில் சன்னல் வழியாகக்
கைக்குட்டையை எறிந்து இடம் போடுவோமே,
அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வந்தது.
தண்டில் கட்டினேன். நீலக் கட்டம் போட்டது, மூக்குச் சிந்தாதது.
அதைச் சுற்றி எட்டுச் சதுர மீட்டரை,
மொட்டைத் தலையில் குடுமியாக,
விட்டுவிட்டு மீதியை வழித்தேன்.
குறிப்புகள் கட்டத்துக்கு ஜெர்மன் வரவில்லை.
எழுதினேன்: ஆள் இருக்கு.

அக்டோபரில் மாநில அலுவலகத்திலிருந்து
உர்சினா கஃப்லிஷ் வந்தார், அளவு நாடாவோடு.
இது என்ன? இந்த எழுத்து என்ன?
பஸ், சன்னல், கைக்குட்டை என்று
என் அரைகுறை வாக்கியங்களால் விளக்கினேன்.
அவர் சேற்றில் மண்டியிட்டு
ஒற்றை விரலை மெல்ல உள்ளே விட்டார்.
காலி, என்றார். குளிர் வந்தால் தரைக்கு இறங்கிவிடும்.
அதைத்தான் சொல்கிறேன், என்றேன்,
டீ குடிக்க இறங்கியிருக்கிறது.
அவர் சிரிக்கவில்லை.
வரைபடத்தில் பென்சிலால் சின்னதாய் ஒரு வட்டம் போட்டார்,
அதை இரண்டாம் முறையும் அழுத்திப் போட்டார்.

டிசம்பரில் போனேன், வேலையாக இல்லை.
நீர் இறுகியிருந்தது. கைக்குட்டை அப்பளமாய் விறைத்து,
அதன் ஓரத்தில் ஒரு நத்தை ஓடு.
ஐந்து மணி ரயில் விளக்கெரிய
காலி இருக்கைகளோடு கடந்தது.
குடுமி ஒருதரம் அசைந்தது.
ரயிலின் அதிர்வா, வேறு யாராவதா.
குனிந்து பார்க்கவில்லை.